பென்சில் பேட்டரி ஜி.பி.எஸ்.

சைக்கிளுக்கு ஒரு ஜி.பி.எஸ். வாங்குவதைப் பற்றி எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் பேசினார்கள். ஓட்டப்போவது நான். வெயிலில் காயப்போவதும் நான். ஆனால் எந்தக் கருவி என்று முடிவு செய்தவர்கள் என் வீட்டுக்காரரும், அமெரிக்காவில் இருக்கிற அவர் தம்பியும்தான். ஒருவர் காரில் ஏசி ஓடாவிட்டால் தெருமுனைக்குக்கூடப் போக மாட்டார். இன்னொருவர் பள்ளிக்கூடம் முடித்த பிறகு சைக்கிளைத் தொட்டிருந்தாலே ஆச்சரியம்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். வீடு ராஜகீழ்ப்பாக்கம். முட்டி வலிக்கு டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். டாக்டர் சொன்னதில் நான் முழுசாகக் கேட்டது அது ஒன்றுதான். விடிந்ததும் மேடவாக்கம் தாண்டிப் பள்ளிக்கரணை வரை போய், சதுப்பு நிலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேளச்சேரி ரோட்டில் பஸ்ஸும் வேனும் முட்டிக்கொள்ள ஆரம்பிப்பதற்குள் வீடு திரும்பிவிடுவேன். இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கோடை லீவில் கன்னியாகுமரி வரை தனியாகப் போக வேண்டும் என்று ஆசை வந்தது.

கன்னியாகுமரி மேல் ஆசை என்று நினைத்துவிட வேண்டாம். கடலை நான் பார்க்காததா? சில நாளாவது நான் எங்கே இருக்கிறேன் என்று ஒருத்தருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் நுழையும்போது மெஷினில் விரலை வைக்க வேண்டும், கிளம்பும்போதும் வைக்க வேண்டும். அபார்ட்மென்ட் கேட்டில் கேமரா; அதை செகரட்டரி அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து போனில் பார்ப்பார். "என்ன டீச்சர், இன்னைக்கு லேட்டு போல" என்று லிஃப்டில் கேட்பார். குடும்ப வாட்ஸப் குரூப்பில் காலையிலிருந்து ராத்திரி வரை கிளம்பியாச்சா, போய்ச் சேர்ந்தாச்சா, சாப்பிட்டாச்சா. மாடியில் துணி எடுக்கப் போய்க் கொஞ்சம் நின்றாலும் எங்கே காணோம் என்று கீழேயிருந்து போன் வரும். எனக்கு மூச்சு முட்டியது. இதை வீட்டில் சொன்னால், அக்கறையாக விசாரித்தால் மூச்சு முட்டுகிறதாம் பார் என்பார்கள். அதனால் சொல்லவில்லை.

ஜி.பி.எஸ். எதற்கு, போன் போதாதா என்று பலரும் கேட்டார்கள். வெயிலில் ஹேண்டில்பாரில் மாட்டிய போன் தோசைக்கல்லாகி அணைந்துபோகும். வியர்வை விரலுக்கு ஸ்கிரீன் கேட்காது. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. உத்திரமேரூர், வந்தவாசி என்று உள்ரோடுகளாகப் பார்த்துப் போக நினைத்தேன். அங்கே ஒவ்வொரு பிரிவிலும் நின்று வழி கேட்கலாம்தான். ஆனால் ஐம்பது வயதுப் பொம்பளை தனியாக நின்று வழி கேட்டால், வழி சொல்வதற்கு முன்னால் நான்கு கேள்வி வரும். தனியாவா போறீங்க, வீட்டுக்காரர் எங்க, பசங்க இல்லையா, ஏதாவது வேண்டுதலா. கருவி வழியை மட்டும் சொல்லும், திருப்பிக் கேட்காது. அதனால்தான் அது எனக்கு வேண்டியிருந்தது.

வேளச்சேரியில் பெரிய சைக்கிள் கடை ஒன்றில் எனக்கேற்ற ஒன்றைக் கண்டுபிடித்தேன். சோப்பு டப்பா சைசில், தடித்த பட்டன்கள் வைத்த கருவி. மழையில் நனைந்தாலும் பட்டன் அமுங்கும். சார்ஜர் தேவையில்லை, இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் போதும். எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் பென்சில் பேட்டரி கிடைக்கும். மேப்பை வீட்டிலேயே உள்ளே ஏற்றிக்கொண்டால் டவர் இல்லாத இடத்திலும் வழி காட்டும். கடைக்காரருக்கே அதை விற்பதில் கூச்சமாக இருந்தது. பழைய மாடல் மேடம், இப்ப யாரும் கேட்பதில்லை, இதில் எந்தக் கனெக்‌ஷனும் கிடையாது என்றார். அதைக் கேட்டதும்தான் அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

வீட்டில் வந்து சொன்னேன். அவர் போனில் அதன் படத்தைப் பார்த்துவிட்டு, இது டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரி இருக்கிறது, கிரிக்கெட் கமென்ட்ரி கேட்குமா என்று சிரித்தார். சிரித்த கையோடு தம்பிக்கு வீடியோ கால் போட்டார்.

எங்கள் மாதிரிக் குடும்பங்களில் இது ஒரு வழக்கம். கரண்டிலோ பேட்டரியிலோ ஓடுகிற எதுவும் அமெரிக்காவில் இருப்பவரைக் கேட்காமல் வீட்டுக்குள் வராது. மிக்சி தவிர. மிக்சி வாங்கும்போதுதான் "உனக்குத்தானே தெரியும்" என்பார்கள். மச்சினர் அங்கே தட்டில் ஏதோ இலை தழையைக் கிண்டிக்கொண்டே கேட்டார். நான் பேட்டரியைப் பற்றிச் சொன்னேன், பட்டனைப் பற்றிச் சொன்னேன். உள்ளே கனெக்‌ஷன் இல்லை என்றதும் அவர் முகம், நான் மண்ணெண்ணெய் அடுப்பு கேட்டது போல ஆகிவிட்டது.

"அண்ணி, நீங்க எங்க இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரிய வேணாமா? சேஃப்டிதானே முக்கியம்" என்றார். அதற்கு மேல் அவர்கள் இரண்டு பேரும் மட்டும்தான் பேசிக்கொண்டார்கள். மச்சினருடைய ஃப்ரெண்டின் அம்மா ஊருக்குத் திரும்புகிறார்களாம், அவர்கள் பெட்டியில் இடம் இருக்கிறதாம், கொடுத்து அனுப்புகிறேன் என்று முடித்தார். ஆக, என் கன்னியாகுமரிப் பயணத்துக்கு எந்தக் கருவி என்பது, முன்பின் தெரியாத ஒரு அம்மாளின் சூட்கேசில் எவ்வளவு இடம் இருந்தது என்பதைப் பொறுத்து முடிவானது. குரோம்பேட்டையில் அவர்கள் வீட்டுக்குப் போய், சாக்லேட் டப்பாவுக்கும் டவலுக்கும் நடுவிலிருந்து அதை எடுத்து வாங்கி வந்தோம். அந்த அம்மாள், உங்க மச்சினருக்கு உங்க மேல எவ்வளவு பாசம் என்றார்கள். நான் பல்லைக் காட்டினேன்.

கருவி பளபளவென்றுதான் இருந்தது. கலர் ஸ்கிரீன், பட்டன் கிடையாது, எல்லாம் தொடுவதுதான். போனோடு சேர்ந்து நான் போகிற வழியை நொடிக்கு நொடி ஒரு லிங்க்கில் காட்டும். மேப்பில் நான் ஒரு நீலப் புள்ளி. பக்கத்திலேயே என் வேகம். மார்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டால் என் நெஞ்சுத் துடிப்புகூடத் தெரியும். நான் விழுந்தால் அதுவே கண்டுபிடித்துக் கத்தும்; நான் நிறுத்தாவிட்டால் அவருக்கும் அவர் தம்பிக்கும் மெசேஜ் போகும். அவர் தன் ஈமெயிலைப் போட்டு எல்லாவற்றையும் செட் பண்ணினார். லிங்க்கைக் குடும்ப குரூப்பில் போட்டார். பெங்களூரில் வேலையில் இருக்கும் என் பையன் முதல் ஆளாகக் கட்டை விரலைக் காட்டினான்.

அதற்குப் பிறகு என் காலைச் சவாரி குடும்பத்துக்கு ஒரு சீரியல் ஆகிவிட்டது. இங்கே விடியும்போது அங்கே அவர்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம். சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். மேடவாக்கத்தில் டீ குடிக்க நின்றால் உடனே போன், ஏன் நிற்கிறாய் என்று. மெதுவாக மிதித்தால், அண்ணி நடந்தே போயிருக்கலாமே என்று குரூப்பில் ஒரு வரி, அதன் கீழே சிரிப்பு பொம்மைகள். நெஞ்சுத் துடிப்பு ஏறினால், அண்ணா இன்னைக்கு என்ன சொல்லிக் கடுப்பேத்தினான் என்று ஒரு வரி, அதற்கும் பொம்மைகள். நான் ஒரு நாள் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். அண்ணிக்கு நெஞ்சே இல்லை போலிருக்கிறது என்று எழுதினார்கள். நகைச்சுவை உணர்ச்சி உள்ள குடும்பம்.

ஒரு தடவை ஸ்பீட் பிரேக்கரில் தூக்கிப் போட்டதை அந்தக் கருவி விழுந்ததாக எடுத்துக்கொண்டது. கத்தியது எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் பஸ் ஹாரன். மெசேஜ் போய்விட்டது. நான் ஒரு கடையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் காரில் வந்து இறங்கினார். இறங்கியதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடி எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு வந்த கோபத்தை நான் மறக்க மாட்டேன். நான் செத்துக் கிடந்திருந்தால் அந்தக் கோபம் வந்திருக்காது. இளநீர்க் கடைக்காரர் முன்னால், ரோட்டில் போகிறவர் வருகிறவர் முன்னால், ஆபீஸ் போகிற மனுஷனை அலைக்கழிக்கிறாய், உனக்கு ஊர் சுற்ற நான் டிரைவரா என்று கத்தினார். கடைசியில், "இனிமே அது கத்தினா நான் வர மாட்டேன், பாத்துக்கோ" என்றார். கோபத்தில் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டில் அவர் எத்தனையோ சொல்வார், எதையும் செய்ய மாட்டார். இதைச் செய்தார்.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் அவரிடம் நேரடியாகவே சொன்னேன். இந்தக் கருவி எனக்கு வேண்டாம், நான் அந்தப் பட்டன் கருவியையே வாங்கிக்கொள்கிறேன், டூரில் யாரும் என்னைப் பார்க்க வேண்டாம். அவர் டிவியை நிறுத்திவிட்டு, "யாரும் பாக்க வேணாம்னா அப்படி என்ன பண்ணப்போற?" என்று கேட்டார். முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் குரலில் சந்தேகம்கூட இல்லை. சந்தேகப்படும் அளவுக்கு நான் வொர்த் இல்லை என்கிற மாதிரி ஒரு இளிப்பு. நான் எழுந்து போய்விட்டேன். மறுநாள் காலையில் அவரோடு பேசாமலே சைக்கிளை எடுத்தேன். கருவி மாட்டியபடிதான் இருந்தது.

பள்ளிக்கரணையில் தண்ணி லாரி ஒழுகிக்கொண்டே போன ரோடு. ஓரத்தில் மணலும் தண்ணியும் சேர்ந்து சேறு. பின்னால் வந்த வேனுக்கு ஒதுங்கினேன், முன் சக்கரம் வழுக்கியது. இடது தோளில் விழுந்தேன். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. காலர் போன் என்கிறார்களே, அந்தக் கழுத்தெலும்பு. போன் தெறித்து விழுந்து ஸ்கிரீன் நொறுங்கியது.

கருவி கத்த ஆரம்பித்தது. விரலால் தொட்டால் நின்றுவிடும். வலது கை நன்றாகத்தான் இருந்தது. நான் நிறுத்தவில்லை. அத்தனை நாளாக எதை வேண்டாம் வேண்டாம் என்றேனோ, அதை அந்த நிமிஷம் தெய்வம் மாதிரி பார்த்துக்கொண்டு கிடந்தேன். மெசேஜ் போய்விட்டது என்று ஸ்கிரீனில் பச்சையாக வந்தது. அப்பாடா என்று இருந்தது. வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

மீன் கூடையோடு ஒரு ஷேர் ஆட்டோவில் வந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி இறங்கினாள். என்னைத் தூக்கி நடைபாதை ஓரம் உட்கார வைத்தாள். தன் முந்தானையை நனைத்து என் முகத்தைத் துடைத்தாள். மீன் வாடை அடித்தது, அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்றாள். நான் வேண்டாம் என்றேன். வீட்டிலிருந்து கார் வரும், அவர்களுக்குத் தெரியும், இந்த மெஷின் சொல்லிவிட்டது என்றேன். அவள் அந்தக் கருவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஆட்டோவை அனுப்பிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கூடையில் ஐஸ் உருகி ஒழுகிக்கொண்டிருந்தது.

என் போன் ஒரு தடவை அடித்தது. நொறுங்கிய ஸ்கிரீனில் எடுக்க முடியவில்லை. நின்றுபோனது. திரும்ப அடிக்கவில்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிடட்டுமா என்று அவள் கேட்டாள். வந்துகொண்டுதான் இருப்பார் என்றேன். வெயில் ஏறியது. தோள் வீங்கி ரவிக்கை இறுகியது. வேளச்சேரி ரோட்டில் எங்கள் கார் கலரில் ஒவ்வொரு கார் வரும்போதும் நான் நிமிர்ந்து பார்த்தேன். அவளும் என்னோடு சேர்ந்து பார்த்தாள். கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"இன்னாக்கா, தெரியும்ன்ற. தெரிஞ்சா இத்தினி நேரம் வூட்ல இன்னா பண்ணிகினு கீறாங்க?"

அவளே வேறு ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் இருந்து அவள் போனில்தான் அவருக்குச் சொன்னோம். எடுத்ததும் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, நீ யார், இந்த நம்பர் உனக்கு எப்படிக் கிடைத்தது. அவள் போனை என் காதில் வைத்தாள். பிறகு மீன் கெட்டுவிடும் என்று போய்விட்டாள்.

என்ன நடந்தது என்பது என் கையைக் கழுத்தோடு தூளி கட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. அதுவும் யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை. அவருடைய ஆபீஸ் நண்பரும் மனைவியும் பார்க்க வந்திருந்தார்கள். கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ். காபி குடித்துக்கொண்டே அவர் அவர்களுக்குக் கதை சொன்னார்.

"புள்ளி நகரவே இல்ல சார். தம்பி சொல்றான், அண்ணி பஜ்ஜிக் கடையில உக்காந்துட்டாங்கன்னு. நான் சொன்னேன், இல்லடா, என் மேல கோவம், அங்கயே உக்காந்துட்டான்னு. பையன் அதுக்கும் மேல. அம்மா கொக்குங்களோட சேர்ந்து கூடு கட்டிட்டாங்கன்னு போடறான்."

நண்பர் வயிறு குலுங்கச் சிரித்தார். நண்பரின் மனைவி என்னைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் கப்பைக் கீழே வைத்தாள். என் வீட்டுக்காரர் முகத்தைச் சீரியஸாக்கிக்கொண்டு, "ஆனா ஒண்ணு சார், அந்த டிவைஸ் மட்டும் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும், யோசிச்சுப் பாருங்க" என்றார். அவர்கள் இரண்டு பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். இனிமேல் சைக்கிள், டூர் எல்லாம் கட் என்றும் அவரே அறிவித்தார். அதற்கும் தலையை ஆட்டினார்கள்.

அவர்கள் போன பிறகு, மெசேஜ் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார். நான்தான் அன்றைக்கே சொன்னேனே, அது கத்தினால் வர மாட்டேன் என்று. ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு போன் போட்டேன், நீதான் எடுக்கவில்லை என்றார். மனசு கேட்காமல் என்பதை அழுத்திச் சொன்னார்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, குளிக்கப் போயிட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் வந்ததைவிட என் மேல்தான் வந்தது. ரோட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு காரையும் எட்டி எட்டிப் பார்த்தேனே, அந்தப் பைத்தியக்காரியை நாலு அறை விடலாம் போல இருந்தது. பையன் ராத்திரி பேசினான். சாரிம்மா, தெரியாமல் போட்டுவிட்டேன் என்றான். நல்ல பையன்தான். புள்ளியைப் பார்க்கிற நேரத்தில் ஒரு போன் போட்டிருக்கலாம் என்று அவனுக்கும் தோன்றவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் ஒருத்தரும் வரவில்லை.

எலும்பு கூடியது. கையை மேலே தூக்கப் பழகினேன், கரும்பலகையை அந்தக் கையால் துடைத்தேன், பிறகு ஹேண்டில்பாரைப் பிடித்தேன். எனக்குள் சமாதானம் ஆகவே இல்லை, ஆக்கிக்கொள்ள முயற்சியும் செய்யவில்லை. கோடை போய்விட்டது. காலாண்டு லீவோடு கையிருப்பு லீவையும் சேர்த்து எடுத்தேன். வேளச்சேரிக் கடைக்குப் போனேன். யாரும் கேட்காத அந்தப் பட்டன் கருவி அலமாரியிலேயே தூசியோடு இருந்தது. பென்சில் பேட்டரி ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டேன். வீட்டில் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் சொன்னேன். அவர் தம்பியைக் கூப்பிட்டார், பையனைக் கூப்பிட்டார், மூன்று பேரும் மாறி மாறிப் பேசினார்கள். நான் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியும்போது கேட்டுக்கு வெளியே சைக்கிளில் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் லுங்கியோடு இறங்கி வந்தார். கையில் அந்தக் கலர் கருவி. ராத்திரியே சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார் பாவம். அதை ஹேண்டில்பாரில் மாட்டப் பார்த்தார். நான் கையை வைத்துத் தடுத்தேன். முதல் தடவையாக அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இது இல்லேன்னா, உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சப்ப என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

சத்தமாகத்தான் கேட்டேன். அவர் உடனே திரும்பி வாட்ச்மேனைப் பார்த்தார், அந்த ஆள் காதில் விழுந்துவிட்டதா என்று. அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தார். அதற்குள் நான் ஏறி உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்திருந்தேன்.